நான்கு பந்துகள்

காப்பி ஆறிப்போனது. கைபேசியில் ஒரு பழைய பேஸ்பால் காட்சி.

2005 ஜூலை 9. சிகாகோ கப்ஸ் அணியின் வெளிக்கள வீரர் ஆடம் கிரீன்பெர்க், வயது 24, அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தொடரான பெரிய லீக்கில் முதன்முதலாக மட்டை பிடிக்கிறார். வந்த முதல் பந்தே தலையின் பின்புறம் தாக்குகிறது.

விழுந்தவர் இரு கைகளாலும் தலையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். அந்த இடத்தில்தான் காப்பியை மறந்தேன்.

பிறகு தலைசுற்றல், பார்வைக் கோளாறு, சிறு லீக்குகளில் அலைச்சல்.

2012 அக்டோபர் 2. அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்டு ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்த, மயாமி மார்லின்ஸ் அணி ஒரே நாளுக்கு ஒப்பந்தம் தருகிறது. எதிரே ஆர்.ஏ. டிக்கி, அந்தப் பருவத்தின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை வென்றவர். (கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்!) மூன்று பந்துகள். அவுட்.

ஏழாண்டுக் காத்திருப்பு. மொத்தம் நான்கே பந்துகள். புள்ளிவிவரப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட முழுதாகத் தேவைப்படாது.

ஆனால் அந்தக் கடைசிப் பந்துக்கு மனிதர் மட்டையைச் சுழற்றினார். அதை மட்டும் நான்கு முறை பார்த்துவிட்டேன்.