பழைய ஜெர்மன் கார்களில் பிழைக் குறியீடு: எண் சொல்வதும் சொல்லாததும்

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1995ஆம் ஆண்டு புனேயில் டபிள்யூ124 வகை ஈ-கிளாஸ் கார்களை அசெம்பிள் செய்யத் தொடங்கியது. அந்த வரிசையில் வந்த ஈ220 ஒன்றை நான் இன்றும் ஓட்டி வருகிறேன். இதே வயதுடைய ஜெர்மன் கார்களை வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழை எண்களைப் படிக்கும் கருவி) மாட்ட இடமே இல்லையாமே, கோளாறு எங்கே என்று எப்படித் தெரிந்துகொள்வது? இடம் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். இன்று எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் புழங்கும் 16 முனைச் சாக்கெட்டை அமெரிக்கா 1996 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பா பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கின. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சாக்கெட்டையும் தனக்கென ஒரு எண் வரிசையையும் வைத்திருந்தது. "இதில் கம்ப்யூட்டரே கிடையாது சார்" என்று திருப்பி அனுப்பப்படும் வண்டியில், என்ஜினுக்கு ஒன்று, ஏபிஎஸ்ஸுக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று எனத் தனித்தனி கம்ப்யூட்டர்கள் தத்தம் நினைவகத்தில் பிழைகளைக் குறித்து வைத்தபடி இருக்கும்.

கடைசிக் கட்ட டபிள்யூ124 கார்களில் இந்தச் சாக்கெட் பானெட்டுக்கு அடியில், திருகித் திறக்கும் கறுப்பு வட்ட மூடிக்குள், 38 முனைகளுடன் இருக்கிறது. 1ஆம் முனை எர்த். 3ஆம் முனையில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். 4ஆம் முனை என்ஜின் கம்ப்யூட்டருக்கும், 6ஆம் முனை ஏபிஎஸ்ஸுக்கும், 30ஆம் முனை ஏர்பேக்குக்கும் செல்கின்றன. ஒரு எல்இடி விளக்கு, அதற்குரிய ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம்), ஒரு அழுத்துப் பொத்தான் ஆகியவை இருந்தால் படிக்கும் கருவி தயாராகிவிடும். விளக்கை 3க்கும் 4க்கும் இடையிலும், பொத்தானை 4க்கும் 1க்கும் இடையிலும் இணைத்து, இக்னிஷனைப் போட்டு, பொத்தானை இரண்டு முதல் நான்கு நொடி வரை அழுத்தி விட்டால் விளக்கு மினுங்கத் தொடங்கும். ஒரே ஒரு மினுக்கு என்றால் பிழை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். அதற்கு மேல் வந்தால் எண்ணிக் குறித்துக்கொண்டு மறுபடி அழுத்த வேண்டும். அடுத்த பிழை வரும். முதலில் வந்த எண்ணே திரும்பவும் வரும்போது பட்டியல் முடிந்தது. ஏர்பேக் முனையை மட்டும் வீட்டில் செய்த கருவியால் தொடவே கூடாது. அதை முறையான கருவி உள்ளவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

எண்ணைப் படிப்பது எளிய பாதி. அதைப் புரிந்துகொள்வதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. என் வண்டியில் உள்ள எச்எஃப்எம் என்ஜின் நிர்வாக முறையில் இரண்டு மினுக்குகள் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரைக் குறிக்கின்றன. பட்டியலில் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்ததும் புதுச் சென்சார் வாங்கி மாட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சென்சார் என்ற பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தன்னிடம் வந்து சேரும் கம்பியில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த வோல்ட் எல்லை மீறும்போது அது எழுதி வைக்கும் புகாரில் சென்சார், அதில் கம்பியைச் செருகும் பிளக், கம்பி, எர்த் ஆகிய நான்கும் அடங்கும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றதும் தொட்டியைப் பார்க்காமல் குழாயை மாற்றினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகிறது.

ஆகவே இரண்டு மினுக்கு வந்தால் நான் முதலில் எடுப்பது மல்ட்டிமீட்டர். இந்தச் சென்சாரின் மின்தடை வெப்பம் ஏற ஏறக் குறையும்: 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் ஏறத்தாழ 320 ஓம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் ஒரு முறையும், என்ஜின் நன்கு சூடேறிய பின் ஒரு முறையும் அளந்தால் சென்சாரின் நிலை தெரிந்துவிடும். அளவு சரியாக இருந்தால், பிளக்கைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, கம்பிப் பக்கத்து முனைகளுக்கு இடையே வோல்ட் அளக்க வேண்டும். அங்கே 5 வோல்ட் அளவில் இருந்தால் கம்ப்யூட்டரிலிருந்து வரும் கம்பியும் திரும்பிச் செல்லும் எர்த்தும் அறுபடவில்லை எனக் கொள்ளலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், பிளக்கில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகினால் போதும். என்ஜின் ஏறத்தாழ 80 டிகிரியில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். சில ரூபாய்ப் பொருள் ஒன்று, விலை உயர்ந்த உதிரிப்பாகத்தை வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. இந்த எளிமைக்காகவே அந்தக் காலத்து மின்சுற்றுகள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

சென்சார் சரி, வோல்ட் மட்டும் தாறுமாறு என்றால் பார்வை ஒயரிங் பக்கம் திரும்ப வேண்டும். 1990களின் முதற்பாதியில் வந்த பல மெர்சிடிஸ் கார்களின் என்ஜின் ஒயரிங்கில், கம்பிகளின் மேலுறை வெப்பத்தில் காய்ந்து பொடிந்துவிடுவது இந்த வண்டிகளை அறிந்தவர்கள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. பிளக்கின் பின்புறமுள்ள ரப்பரை மெல்ல விலக்கி, கம்பியைச் சற்றே வளைத்துப் பார்த்தால், உறை முறுக்குப் போல உடைந்து உள்ளிருக்கும் செம்பு தெரியும். இப்படிப்பட்ட வண்டியில் அடுத்தடுத்த கம்பிகள் ஒன்றையொன்று தொடும்போது இன்று வெப்பநிலை சென்சார், நாளை காற்று அளவி என்று பிழைகள் இடம் மாறி வரும். அப்போது எண்களைத் துரத்திப் பயனில்லை.

பிஎம்டபிள்யூ வேறொரு வழியில் சென்றது. அமெரிக்காவுக்காகச் செய்த ஈ30, ஈ34 வகை கார்களில் கருவியே தேவையில்லை. இக்னிஷனைப் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஆக்ஸிலரேட்டரை அடிவரை ஐந்து முறை விரைவாக மிதித்தால் டேஷ்போர்டில் உள்ள செக் என்ஜின் விளக்கே நான்கு இலக்க எண்ணை மினுங்கிக் காட்டும். 1444 வந்தால் பிழையில்லை. கூலன்ட் சென்சாருக்கு இங்கே 1223. பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட 750 மாடலில் என்ஜின் கம்ப்யூட்டர்கள் இரண்டு என்பதால், இரண்டாவது வரிசை சிலிண்டர்களின் பிழைகள் 2 என்ற இலக்கத்தில் தொடங்கும். இந்தப் பட்டியலில் நான் எப்போதும் எச்சரிக்கும் இடம் 1221, 1222 ஆகிய அடுத்தடுத்த எண்கள். முன்னது, புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பற்றியது. பின்னது, பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதத்தைத் திருத்தும் முயற்சி எல்லையைத் தொட்டுவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு, குறைந்த எரிபொருள் அழுத்தம், எதுவாகவும் இருக்கலாம். 1222க்கு ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது, உண்மையைச் சொன்ன சாட்சியைத் தண்டிப்பதாகும்.

ஆடி நிறுவனத்தின் ஐந்து இலக்க எண்கள்தாம் எனக்கு மிகவும் பிடித்தவை. 00522 என்றால் கூலன்ட் சென்சார். அதன் பின்னால் வரும் 30-00 என்ற சேர்க்கை, சுற்று அறுந்திருக்கிறது அல்லது பாசிட்டிவ் பக்கம் ஷார்ட் ஆகியிருக்கிறது என்பதையும், 30-10 என்றால் அதே பிழை விட்டுவிட்டு வருகிறது என்பதையும் சொல்லிவிடும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. பின்னாளில் வந்த 16 ஆயிரத்துச் சொச்ச எண்களிலிருந்து 16384ஐக் கழித்தால், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பி-குறியீடு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 16684 என்பது பி0300, அதாவது சிலிண்டர்களில் ஒழுங்கற்ற மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமல் போவது).

எந்த வண்டியானாலும் எண்களைப் படிக்கும் முன் பேட்டரியை அளந்துவிட வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் மிகவும் தாழ்ந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பிழைகள் ஒரே நேரத்தில் பதிவாகும். அவற்றுள் ஒன்றுகூட உண்மையாக இருக்க வேண்டியதில்லை. பிழைகளை அழிப்பதற்காகப் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவதையும் நான் ஏற்பதில்லை. எதையும் எழுதி வைக்காமல் சான்றை அழிப்பதாகும் என்பதோடு, என்ஜின் பழகி வைத்திருந்த திருத்தங்களும் போய்விடலாம், அக்காலத்து ரேடியோ தன் ரகசிய எண்ணையும் கேட்டு நிற்கும். மெர்சிடிஸில் ஒவ்வொரு பிழையும் காட்டப்பட்ட பின் பொத்தானை ஆறு முதல் எட்டு நொடி வரை அழுத்தினால் அது மட்டும் அழியும். சோதனைக்காகப் பிளக்கைக் கழற்றியதாலும் புதிய பிழை பதிவாகியிருக்கும். அதையும் அழித்துவிட்டு, குளிர்ந்த என்ஜினில் தொடங்கி முழுச் சூடு ஏறும்வரை ஓட்டிய பிறகு மறுபடி படிக்க வேண்டும். அப்போது திரும்பி வரும் எண்ணைத்தான் நான் துரத்துவேன்.