நாங்கள் பார்த்த அக்கா

அக்காவின் நினைவுக் குறிப்பிலிருந்து அந்தப் பத்தியை எடுத்தது சரிதான் என்று யார் கேட்டாலும் சொல்வேன். சொன்ன இரண்டு நிமிடத்தில், அப்படியானால் ஏன் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குள்ளேயே ஒரு கேள்வி வந்துவிடும்.

எங்கள் அலுவலகத்து அக்கா இறந்த பிறகு, நிறுவன இதழுக்கு ஒரு பக்க நினைவுக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. பக்கத்து மேசைக்காரன், கொஞ்சம் எழுதவும் வரும், அவ்வளவுதான் தகுதி. இந்த மாதிரிக் குறிப்புகளில் என்ன இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: சேர்ந்த ஆண்டு, வகித்த பொறுப்புகள், ஈடுசெய்ய முடியாத இழப்பு. அக்காவே அதைப் படித்திருந்தால் ஏற்ற இறக்கத்தோடு சத்தமாக வாசித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்திருப்பார். அதனால் நடந்ததை எழுதினேன். இன்டர்காமில் பெரிய அதிகாரியின் குரலில் பேசி, கணக்குப் பிரிவில் ஒருவரைக் கோப்போடு மாடி ஏற வைத்தது. ஆடிட் நாளில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்க, ஆடிட்டருக்குப் பின்னாலேயே அவர் நடையில் நடந்து காட்டியது. யாருக்காவது வசூல் என்றால் உறையின் மேல் பெயர் மட்டும்தான் எழுத வேண்டும், தொகை எழுதக் கூடாது என்று சட்டம் போட்டது. நினைத்த தொகைக்குக் குறைந்தால் சத்தமில்லாமல் அவரே போட்டு நிரப்பிவிடுவார், எண்ணிப் பார்க்கிற எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

அப்புறம் அந்தத் தேர்வுக் கட்டண விஷயம். பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அவள் தேறும்வரை ஒவ்வொரு முறையும் அக்காதான் கட்டினார். தோற்றுவிட்டு வந்து அழுதவளிடம், “நீ பாஸாயிட்டா நான் யாருக்கு ஃபீஸ் கட்டுறது? மெதுவாவே பாஸாகு” என்றார். குறிப்பிலேயே உயிரான பத்தி அதுதான் என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

நிலுவைத் தொகைக்கான படிவங்களில் கையெழுத்துப் போட அக்காவின் மகள் வந்திருந்தபோது, அச்சுக்குப் போகுமுன் பார்க்கட்டும் என்று அவரிடம் குறிப்பைக் கொடுத்தேன். குடும்பத்தைக் கேட்காமல் அச்சிடுவது முறையில்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

“இதெல்லாம் நிஜமாவே நடந்ததா அங்கிள்?”

“நடந்ததும்மா, நான் பக்கத்துலயே இருந்தேன்.”

“வீட்ல அம்மா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.”

என்ன சொல்வது? காகிதத்தை மறுபடி மேலிருந்து படித்துவிட்டு அவரே தொடர்ந்தார். குரலில் கோபம் இல்லை. “ஸ்கூல்ல டூருக்குப் பணம் கேட்டா இல்லன்னுதான் சொல்வாங்க. இந்த ஃபீஸ் விஷயத்தை மட்டும் எடுத்துடுறீங்களா? அப்பா படிச்சா...”

“எடுத்துடறேன்மா” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆறுதலாக இருக்கட்டும் என்று, “வீட்லயும் இங்கயும் ஒரே அம்மாதானேம்மா” என்று சேர்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “அது எப்படி உங்களுக்குத் தெரியும்?” என்றார்.

எனக்குத் தெரியாதுதான். அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் அக்காவின் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவரிடம் என்னத்தைக் கேட்பது?

ஆர்லி ஹோக்‌ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்களிடம் பேசிப் பழகி 1997இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். பலருக்கு வேலையிடம் வீடு போலவும் வீடு வேலையிடம் போலவும் ஆகிவிட்டிருந்தது. அலுவலகத்தில் நண்பர்கள், பாராட்டு; வீட்டில் முடியாத வேலையும் புகாரும். இதைப் படித்தபோது அக்கா புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் அம்மாவுக்கு நாம்தான் பாரமோ என்று ஏற்கெனவே யோசிக்கிற மகளிடம் போய் இந்த ஆராய்ச்சியையா சொல்வது? தவிர, அக்கா அந்தக் கணக்கில்தான் வருவாரா என்பதும் என் ஊகம்தான். வீட்டுப் பணம் அவர் கையில் இருந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது.

குறிப்பு வெளிவந்தது. அந்தப் பத்தி இருந்த இடத்தில் ‘பிறருக்கு உதவும் உள்ளம் கொண்டவர்’ என்று ஒரு வரி. எதைத் தவிர்க்க நினைத்தேனோ அதையே என் கையால் எழுதினேன். பயிற்சிக்கு வந்த அந்தப் பெண் இப்போது வேறு பிரிவில் இருக்கிறாள், இதழோடு நேராக என்னிடம் வந்தாள். முதல் பிரதியைக் காட்டியிருந்தேன், அதனால் வந்த வினை. குடும்பம் கேட்டுக்கொண்டது என்றேன். “சரி சார், அப்ப நான் யாரு?”

உடன் வேலை பார்த்தவர் இறந்தால் விடுப்பு கிடையாது, அது குடும்பத்துக்குத்தான். சமூகம் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989லேயே எழுதியிருக்கிறார். அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்தப் பத்தி. இருந்தாலும் மகளா, அவளா என்று வந்தால் நான் மகள் பக்கம்தான் நிற்பேன். உறையில் தொகை எழுதக் கூடாது என்று சொன்ன அக்காவும் கட்டண விஷயம் அச்சில் வருவதை விரும்பியிருக்க மாட்டார். இது நல்ல வாதம். என்ன, மகள் கேட்பதற்கு முன்னால், அதை எழுதும்போது இந்த வாதம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதற்குத்தான் பதில் இல்லை.

எடுத்த பத்தியையாவது அனுப்புங்கள் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். அச்சில் வராது என்றுதான் மகளிடம் வாக்குக் கொடுத்தேன், யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. வக்கீல் பேச்சு மாதிரி இருக்கிறது, தெரியும். இதை இங்கே எழுதுவது மட்டும் என்னவாம் என்றும் நீங்கள் கேட்கலாம். பெயர் எதுவும் போடவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எப்படியும் அவளுக்கு அனுப்பிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன், மகளிடம் சொல்லிவிட்டு அனுப்புவதா, சொல்லாமலா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.