மரவேலைக் கருவிகள்: காசை எங்கே போடுவது?

பன்னிரண்டு உளி அடங்கிய மலிவுப் பெட்டி வேண்டாம். 6, 12, 20 மில்லிமீட்டரில் மூன்று நல்ல உளிகள் போதும். மலிவு உளியின் சிக்கல் எஃகின் பதத்தில்தான்: கடினம் குறைந்தால் முனை மடங்கும், மிஞ்சினால் பொரிந்து உதிரும்.

அதற்காக விலை கூடிய உளி வந்தபடியே வெட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். சாய்வில்லாத முதுகுப்பக்கத்தை முனையிலிருந்து 2, 3 சென்டிமீட்டருக்குத் தட்டையாகத் தேய்க்கணும். சாய்வு 25 பாகை, நுனியில் மட்டும் 30. இதற்கு 1000, 6000 என்ற நுண்மை எண்களில் (எண் கூடினால் கல் நைசு) இரண்டு சாணைக்கற்கள் வேண்டும். உளிக்கு முன்னால் கல்லுக்குக் காசு ஒதுக்குங்கள். தீட்டாத உளி, பெயின்ட் டப்பா திறக்கத்தான் ஆகும்!

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை விலை பார்த்து வாங்காதீர்கள், சோதித்து வாங்குங்கள். நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு. திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விலகினால், அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை.

இழைப்புளியில் கஞ்சத்தனம் கூடாது. மலிவானதில் அலகு சரியாக உட்காராமல் அதிரும், மரத்தில் வரிவரியாக விழும். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. துரு இருக்கலாம், வார்ப்பிரும்பு உடலில் விரிசல் இருக்கக் கூடாது.

ரம்பத்தின் பல் நுனி கருநீலமாக இருந்தால் அது கடினமாக்கப்பட்டது. அரத்தால் தீட்ட முடியாது, மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான். அதில் மலிவானதே போதும்.

உளியைத் தட்டும் கொட்டாப்புளிக்குக் (மரச்சுத்தியல்) காசே வேண்டாம், கெட்டி மரத்துண்டில் நீங்களே செய்துகொள்ளலாம்.