சாம்பிள் பார்க்காமல் எடுத்த லாட்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். குன்னூர் தேயிலை ஏலத்துக்குப் போகிற லாட்டுக்கெல்லாம், அதாவது மொத்தமாக ஏலம் விடுகிற ஒவ்வொரு சரக்குக்கும், முன்கூட்டியே சாம்பிள் அனுப்புவதும் என் வேலைதான். ஊறவைத்துக் குடித்துப் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை கேட்க மாட்டார். அப்படிப்பட்ட நான், நாலு போட்டோவை நம்பி ஆன்லைன் ஏலத்தில் ஒரு மாணிக்கத்தை 11,800 ரூபாய்க்கு எடுத்தேன்.

அம்மா மோதிரத்தில் இருந்த கெம்பு துணி துவைக்கும்போது எங்கேயோ விழுந்துவிட்டது. அதே அளவில் நல்ல கல் நம் கைக்கு எட்டாது என்று நகை செய்கிற பத்தர் சொல்லியும் கேட்காமல் தேடினேன். ஏலப் பக்கத்தில் இப்படிப் போட்டிருந்தது: "பர்மா மாணிக்கம், இயற்கையானது, சூடேற்றியது மட்டும், 4.10 காரட், சான்றிதழ் உண்டு." ஆரம்ப விலை 99 ரூபாய். ஒரு காரட் 0.2 கிராம், ஆக மொத்தம் 0.82 கிராம். அந்த எடையில் நல்ல பர்மா கல் என்றால் லட்சங்களில் போகும் என்பது அப்புறம்தான் உறைத்தது. கடைசி இரண்டு நிமிடம் இன்னொருத்தர் விடாமல் ஏற்றிக்கொண்டே வந்தார், அதற்கு முன் அவர் வேறு எதையும் ஏலம் கேட்டதாகவே தெரியவில்லை. விற்றவரின் ஆளாகவே இருக்கலாம், ஆனால் அன்றைக்கு எனக்கு ரோஷம்தான் வந்தது.

கல் வந்தது. பத்தர் லென்ஸில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு நான் நெருப்பு காட்ட மாட்டேன்" என்றார். எனக்கும் காட்டினார்: சிவப்புக்குள்ளே நீலமாக ஒரு பளிச், அங்கங்கே காற்றுக் குமிழி. வெடிப்பு விழுந்த மட்டக் கல்லில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பி விடுகிறார்களாம். பற்றவைக்கிற சூட்டில் அது இளகிவிடும், திராவகத்தில் போட்டால் அரித்துவிடும், எலுமிச்சைச் சாறுகூட ஆகாது. மாணிக்கத்தைச் சூடேற்றி நிறம் கூட்டுவது தொழிலில் வழக்கம், சொல்லி விற்றால் தப்பில்லை. ஆனால் கண்ணாடி நிரப்பியதைச் 'சூடேற்றியது மட்டும்' என்று விற்பது வேறு கதை.

கூட வந்த சான்றிதழ் அட்டையில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், திறக்கிற பக்கத்தில் அதே அட்டையின் படம், அவ்வளவுதான்!

சரி என்று லீவு போட்டு, மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ் பிடித்து, கோயம்புத்தூரில் ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். ஈயக் கண்ணாடி நிரப்பியது என்று எழுதியே கொடுத்தார்கள். பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ, ஏலப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், இந்த ரிப்போர்ட் மூன்றையும் சேர்த்து ஏலத் தளத்தில் புகார் போட்டேன். ஸ்கிரீன்ஷாட்டை அன்றைக்கே எடுத்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நாலு நாளில் அந்தப் பக்கத்தில் 'சூடேற்றியது மட்டும்' என்ற வரியே காணோம்.

விற்றவர் முதலில் உங்கள் லேப் தப்பு என்றார். அப்புறம் கல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 30 சதவீதம் தருகிறேன், புகாரை முடித்துவிடுங்கள் என்று தேனாகப் பேசினார். முடித்திருந்தால் மிச்சப் பணத்தை மறந்திருக்க வேண்டியதுதான். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் இல்லாமல் பத்து நாள் போனதும் நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் அசைந்தார்கள். கல்லை இன்ஷூர் செய்து ஸ்பீட் போஸ்டில் திருப்பி அனுப்பினேன், 26-ம் நாள் பணம் வந்தது. லேப் கட்டணம், தபால், பஸ் எல்லாம் என் கையிலிருந்து.

அம்மா அந்த மோதிரத்தைக் கழற்றவில்லை. கல் இருந்த குழியில் அரக்கு மட்டும் தெரிகிறது, மாவு பிசைந்தால் அதில் போய் அடைத்துக்கொள்கிறது, ஊக்கால் குத்தி எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்.