மத்தியான கோல்ஃபும் இடிச் சைரனும்

மருத்துவமனை லேபில் ஷிப்ட் வேலை பார்க்கிற எனக்கு கோல்ஃப் என்றால் வார நாள் மத்தியானம்தான். சனி, ஞாயிறு காலைக் கட்டணம் கட்டுப்படியாகாது. கட்டத் தயாராக இருந்தாலும் உறுப்பினர்கள் எடுத்தது போக நல்ல நேரம் எதுவும் மிஞ்சாது. வார நாள் ஒன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்குகிற டீ டைம் மட்டும் எப்போது பார்த்தாலும் காலியாக, மலிவாகக் கிடைக்கும். மலிவுக்கு வெயில் ஒரு காரணம். பெரிய காரணம் நாலு மணிக்கு வரும்.

சிங்கப்பூர் சின்னத் தீவு. காலை முழுக்க வெயிலில் தரை கொதிக்கிறது. மத்தியானம் வெவ்வேறு திசைகளிலிருந்து கடற்காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்றுகள் முட்டிக்கொள்கிற இடத்தில் ஈரக்காற்று மேலே ஏற வேண்டியதுதான், மேகம் மளமளவென்று எழும்பிவிடும். முதல் டீயில், அதாவது தொடக்க அடி அடிக்கிற இடத்தில், நிற்கும்போது வெள்ளையாக இருந்த வானம் பதினெட்டு ஹோலில் (குழியில்) ஆறாவதற்குப் போவதற்குள் கருநீலமாகியிருக்கும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் ஆகிய மாதங்களில்தான் இது அதிகம். ஒரு பருவக்காற்று போய் இன்னொன்று வருகிற இடைவெளி அது. மேகத்தை நகர்த்திக்கொண்டு போக பலமான காற்று இருக்காது, எழும்பிய இடத்திலேயே கொட்டும். ஆண்டு முழுக்க இங்கே பெய்கிற மழை சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல். என் அனுபவத்தில் அதில் பெரும்பகுதி கோல்ஃப் மைதானத்தில்தான் பெய்கிறது.

மழை மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். பெரிய குடை இருக்கிறது, நனைந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கிற மழைக் கையுறை இருக்கிறது. குடைக் கம்பியின் உள்பக்கம் ஒரு காய்ந்த துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டால் பிடியைத் துடைக்கலாம். கோல்ஃப் விதிகளும் மழையை ஒரு சாக்காக ஏற்பதில்லை. போட்டி நடக்கும்போது மழைக்காக நாமாக ஆட்டத்தை நிறுத்த முடியாது, ஏற்பாட்டாளர்கள் நிறுத்த வேண்டும். மின்னல் அபாயம் இருப்பதாக நியாயமாகத் தோன்றினால் மட்டும் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம். இங்கே அதற்கும் தேவை வருவதில்லை, நமக்கு முன்னால் மைதானத்தின் மின்னல் எச்சரிக்கைச் சைரனே ஊதிவிடும்.

நீளமாக ஒரே ஊதல் என்றால் அந்த நொடியே நிறுத்து என்று அர்த்தம். விட்டுவிட்டு மூன்று முறை ஊதினால் சாதாரண நிறுத்தம், கையிலிருக்கிற ஹோலை வேண்டுமானால் முடித்துக்கொள்ளலாம். இரண்டு குட்டி ஊதல், மறுபடி ஆடலாம். மூன்று முறை ஊதி நான் கேட்ட ஞாபகமே இல்லை. எங்களுக்கு வாய்த்ததெல்லாம் அந்த ஒற்றை நீள ஊதல்தான். போட்டியில் அதற்குப் பிறகு தகுந்த காரணம் இல்லாமல் ஒரு அடி அடித்தாலும் தகுதி நீக்கம். என் மகன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், இருந்தபோது வீட்டுக்கு போன் பண்ணி, "இன்னைக்கு கேட் ஒன், வெளியே பயிற்சி இல்லை" என்று குஷியாகச் சொல்வான். கேட் ஒன் (CAT 1) என்றால் மின்னல் அபாயம் அதிகம் என்கிற எச்சரிக்கை. அதே கேட் ஒன் கோல்ஃப் மைதானத்தில் வந்தால் எங்களில் ஒருத்தர் முகத்திலும் குஷி இருக்காது.

நாலு பேர் சேர்ந்து ஆடுகிற குழுவை இங்கே பிளைட் என்போம். எங்கள் பிளைட்டில் நான், என் நாத்தனார், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சீன அங்கிள், தினமும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வருகிற ஒரு தம்பி. அன்றைக்கு ஏழாவது ஹோலில் நாத்தனாருக்குக் குழியிலிருந்து மூன்றடி தூரத்தில் ஒரு பட், அதாவது பந்தை உருட்டிக் குழிக்குள் விடுகிற அடி, மிச்சம். உள்ளே போனால் பேர்டி, அந்த ஹோலுக்கு நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவு. அவள் கார்டில் பேர்டி விழுவது அபூர்வம். பந்தின் பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிச் சரிவு பார்த்து, நிமிர்ந்து, பட்டரைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். சைரன்.

"அண்ணி, தட்டிவிட்டுடட்டுமா? ஒரே தட்டு."

"அடையாளம் வச்சிட்டு வா. போட்டி இல்லேன்னாலும் மின்னலுக்குத் தெரியாது."

நாணயத்தை வைத்துப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கி என்கிற மைதான வண்டியின் கூரை மின்னலுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, அதிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. பாதை ஓரத்தில் இடிதாங்கி வைத்த ஒரு குடில் இருந்தது. ஐம்பது நிமிடம் அங்கே. அங்கிள் பையிலிருந்து உப்பு பிஸ்கட் பொட்டலம் வந்தது. தம்பி போனில் மழை ரேடார் படத்தை விரலால் இழுத்து இழுத்துக் காட்டினார். எங்கள் தலைக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு, தீவின் மற்ற பக்கமெல்லாம் வெள்ளை. இரண்டு ஊதல் கேட்டுத் திரும்பிப் போனபோது கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, பளபளவென்று நனைந்து கிடந்தது. நாத்தனார் முன்பு பார்த்து வைத்த அதே கோட்டில், அதே பலத்தில் அடித்தாள். பந்து பின்னால் நீர்த்துளிகளைச் சிதறவிட்டுக்கொண்டே போய், குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. ஈரக் கிரீனில் பந்து ஓடாது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. மனசு முழுக்கப் பழைய கோட்டிலேயே இருந்திருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு ஹோல் யாரோடும் பேசவில்லை.

இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று யாராவது கேட்டால் நான் அமெரிக்க கோல்ஃப் ஆட்டக்காரர் லீ டிரெவினோ கதையைச் சொல்வேன். 1975இல் சிகாகோ அருகே பட்லர் நேஷனல் மைதானத்தில் வெஸ்டர்ன் ஓப்பன் போட்டி. ஏரி ஓரத்துக் கிரீன் பக்கம் உட்கார்ந்திருந்த டிரெவினோவையும் ஜெர்ரி ஹெர்டையும் மின்னல் தாக்கியது. மைதானத்தில் வேறோர் இடத்தில் இருந்த பாபி நிக்கோல்ஸுக்கும் அடி. மூன்று பேரும் பிழைத்தார்கள். டிரெவினோவுக்கு முதுகுத்தண்டில் காயம், பிறகு அறுவை சிகிச்சை. 1984இல், 44 வயதில், அவர் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை மறுபடி வென்றது தனிக் கதை. மரத்தடியில் நின்றால்தான் ஆபத்து என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவர்கள் தண்ணீர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பெரிய ஆட்டக்காரர்களையும் எங்கள் வானம் விட்டுவைப்பதில்லை. 2011 நவம்பரில் இங்குள்ள செந்தோசா தீவில் நடந்த சிங்கப்பூர் ஓப்பனை 72 ஹோல் ஆடி முடிக்க முடியவில்லை. 54 ஹோலோடு நிறுத்தி, சமநிலையில் இருந்தவர்களில் வென்றவரைத் தீர்மானிக்கிற பிளே ஆஃப் திங்கள்கிழமைக்குப் போனது. ஸ்பெயினின் கொன்சாலோ பெர்னாண்டஸ் காஸ்டன்யோ, பிலிப்பைன்ஸின் ஜூவிக் பகுன்சானைத் தோற்கடித்தார். உலகம் முழுக்க தொலைக்காட்சியில் பார்க்கிற போட்டியே நவம்பரில் இந்தப் பாடு பட்டால் எங்கள் ஒன்றரை மணி பிளைட் எம்மாத்திரம்.

சரி, மத்தியானம்தானே பிரச்சினை, காலையில் போக வேண்டியதுதானே என்று லேபில் கேட்பார்கள். காலைக்கு வேறொன்று இருக்கிறது, சுமத்ரா ஸ்குவால். இரவில் சுமத்ரா தீவின் மேலேயோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு, விடியற்காலையில் மேற்கிலிருந்து எங்களைத் தாண்டிக் கிழக்கே போகும். பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை. ஒன்றிரண்டு மணி நேரம்தான், ஆனால் காற்று மணிக்கு 40லிருந்து 80 கிலோமீட்டர் வரை வீசும். அதில் ஒரு வசதி, முன்கூட்டியே தெரிந்துவிடும். ரேடாரில் மேற்கே ஒரு வில் மாதிரி சிவப்புக் கோடு நகர்ந்து வருவதைப் படுக்கையிலிருந்தே பார்த்துவிட்டு மறுபடி தூங்கலாம். இன்னொரு வசதியும் உண்டு. காலையில் ஸ்குவால் நன்றாக அடித்துத் தரையைக் குளிரவைத்துவிட்டால், அன்றைக்கு மத்தியானம் பெரும்பாலும் மேகம் எழும்பாது. காலை மழையைப் பார்த்து மற்றவர்கள் ரத்து செய்கிற நாளில் நாங்கள் தைரியமாகக் கிளம்புவோம். எங்களுக்கு நல்ல ஆட்டங்கள் அமைந்ததெல்லாம் அப்படிப்பட்ட மத்தியானங்களில்தான்.

டிசம்பர், ஜனவரி வேறு ரகம். வடகிழக்குப் பருவக்காற்று பலமாகத் தள்ளினால் நாள் கணக்கில் விடாமல் பெய்யும். இடிக்குக்கூட அதிகம் வேலை இருக்காது, மைதானத்தையே மூடிவிடுவார்கள். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. துணி துவைத்து வீட்டுக்குள் காயப்போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மழை நின்ற பிறகு ஆடுவதுதான் என்னைப் பொறுத்தவரை நிஜமான தொல்லை. ஸ்டார்ட்டர் கவுண்டரில் பலகை வைத்துவிடுவார்கள், பக்கி புல்லில் இறங்கக் கூடாது. பந்து எப்போதும் பாதைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் கிடக்கும். மூன்று கிளப்பைத் தூக்கிக்கொண்டு நடுப் புல்வெளியான ஃபேர்வேயைக் குறுக்கே கடந்து போய்ப் பார்த்தால் நான்காவது கிளப்தான் தேவைப்படும். பந்து விழுந்த இடத்திலேயே சேற்றில் புதைந்து நிற்கும், ஓட்டமே இருக்காது. அப்படித் தன் குழியிலேயே புதைந்த பந்தை பங்கர் (மணல்குழி), பெனால்டி ஏரியா (ஏரி, ஓடை மாதிரி இடங்கள்) தவிர்த்த இடங்களில் அபராதம் இல்லாமல் எடுத்து, துடைத்து, டிராப் பண்ணலாம். விதியில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஈரத்தில் அயர்ன் கிளப்பின் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் சுழற்சி குறையும், கிரீனில் விழுந்து நிற்க வேண்டிய பந்து கண்டபடி வழுக்கிக்கொண்டு போகும். தரையைக் கொஞ்சம் முன்னால் தொட்டுவிட்டால் பெரிய புல்கட்டி பறக்கும், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் இன்னும் தூரம் போகிற அடுத்த கிளப்பை எடுத்து அரைவேகத்தில் அடிப்பேன். தம்பி முழுவேகத்தில்தான் அடிப்பார். அவர் முட்டி வரைக்கும் சேறு.

தேங்கிய தண்ணீரை வைத்துத்தான் எங்களுக்குள் சண்டை. தேங்கின தண்ணீரில் பந்து கிடந்தாலோ, நிற்கிற இடத்தில் தண்ணீர் இருந்தாலோ அபராதம் இல்லாமல் நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் தரை சொதசொதவென்று இருந்தால் மட்டும் போதாது. கால் வைக்கிற நொடியில் எட்டிப் பார்த்துவிட்டு மறைகிற தண்ணீரும் சேராது. நிற்பதற்கு முன்போ நின்ற பிறகோ தேங்கினபடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அங்கிள் மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்பார். மெதுவாக எடையை வலது காலுக்கு மாற்றுவார், அப்புறம் இடது காலுக்கு, அப்புறம் மறுபடி வலது. ஷூ ஓரத்தில் இரண்டு குமிழி வந்ததும், "வாட்டர்!" என்று எங்களைத் திரும்பிப் பார்ப்பார். "அங்கிள், அது உங்க ஷூவுக்குள்ள இருந்து வந்தது" என்பார் தம்பி. பந்தயம் ஆளுக்கு ஒரு காப்பிதான் என்றாலும் வாக்குவாதம் கிரீன் வரை நீளும்.

மழை வவுச்சர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வழக்கமாகப் போகிற இடத்தில், பத்தாவது ஹோலைத் தொடங்குவதற்குள் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் ஆட வவுச்சர் தருவார்கள். பத்தாவது டீயில் அடித்துவிட்டால் முழு ஆட்டமும் ஆடினதாகக் கணக்கு, ஒரு வெள்ளி திரும்பாது. ஒன்றரைக்குத் தொடங்கினால் பத்தாவது டீக்குப் போய்ச் சேர நாலு மணி ஆகும். அதாவது, இந்த ஊரில் இடி இறங்குகிற அதே நேரம். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ஆடாத ஹோல்களுக்கு விகிதப்படி கழித்துக்கொடுத்தால் என்ன? கேட்டால் கம்ப்யூட்டரில் வழி இல்லை என்கிறார்கள். அதனால் மேகம் கறுத்துக்கொண்டு வரும் நாள்களில் ஒன்பதாவது கிரீனை விட்டு நாங்கள் கிளம்புகிற வேகமே தனி. தே தாரிக் தேநீர் வாங்குவோம், ஆறட்டும் என்போம், நாத்தனார் ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள். பின்னால் வருகிற பிளைட் முறைக்கும். ஆட்ட வேகத்தைக் கவனிக்கிற மார்ஷல் வந்து கடிகாரத்தைக் காட்டுவார்.

போன வாரம் அந்தத் தந்திரம் பலித்தது. தே தாரிக் பாதியில் இருக்கும்போதே சைரன். வவுச்சர் மூன்று மாதம் செல்லும், வார நாள் மட்டும், பகல் 12 மணிக்குப் பிறகு. பிப்ரவரியில் காற்று காய்ந்து, மழை குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, காலாவதியாகிற வாரத்திலேயே நாத்தனார் புக் பண்ணிவிட்டாள். சீனப் புத்தாண்டு வேலைகள் இருப்பதால் அங்கிள் வரமாட்டாராம், தன் வவுச்சரை யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டார். நாலாவது ஆள் வேண்டும். மத்தியானம் ஷிப்ட் இல்லாதவர்கள் எனக்கு எழுதுங்கள்.