ஞானமும் அரசாட்சியும்: மாதிரித் தேர்வில் நான் கோட்டைவிட்ட கேள்வி

இறையியல் படிப்பில் ஞான இலக்கியம் (நீதிமொழிகள், பிரசங்கி போன்ற வேத நூல்கள்) என்று ஒரு பேப்பர் இருந்தது. மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி: "நீதியான அரசாட்சிக்குத் தெய்வீக ஞானமே ஊற்று என்னும் எபிரெய வேதத்தின் கருத்தை ஆராய்க." இருபது மதிப்பெண். பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஞானத்துக்குப் பேர்போன ராஜா சாலொமோன் இருக்கும்போது என்ன கவலை? ஒன்பது பக்கம் எழுதித் தள்ளினேன். ஐந்து மதிப்பெண் வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், "பிரசங்கம் நன்று. கேள்விக்குப் பதில் எங்கே?" என்று எழுதியிருந்தது.

இறுதித் தேர்வுக்குள் அதைச் சரிசெய்துகொண்டேன். எப்படி என்று இங்கே எழுதுகிறேன். சபையில் பேசிப் பழகி, பிறகு படிக்க வருகிறவர்களுக்கு இது அதிகம் உதவும். நம்மைத்தான் இந்தக் கேள்வி நன்றாக ஏமாற்றும்.

முதலில் என் தவறுகள். ரோமர் 13-ஐ மேற்கோள் காட்டியிருந்தேன். யாக்கோபு 1:5-ஐயும் விடவில்லை. இரண்டும் புதிய ஏற்பாடு. கேள்வி கேட்டதோ எபிரெய வேதம், அதாவது தோரா, தீர்க்கதரிசிகள், எழுத்துக்கள் என்று மூன்று பகுதியாக யூதர்கள் வைத்திருக்கிற 24 புத்தகங்கள். அதைவிட மோசமாக, "சாலமோனின் ஞானம்" 6-ஆம் அதிகாரத்தையும் சேர்த்திருந்தேன். அரசர்களே கேளுங்கள், உங்கள் அதிகாரம் ஆண்டவரிடமிருந்து வந்தது என்று சொல்கிற அதிகாரம் அது. கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். ஆனால் அது கிரேக்கத்தில் எழுதப்பட்ட நூல். எபிரெய வேதத் தொகுப்பில் இல்லை. சீராக் என்ற இன்னொரு ஞான நூல் மூலத்தில் எபிரெயம்தான், 1896-இல் கெய்ரோ கெனிசாவில் (பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் ஏட்டறையில்) இருந்த எபிரெயப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டன. ஆனாலும் அதுவும் அந்தத் தொகுப்புக்குள் வராது. இரண்டையும் ஒரு வரியில் "பிற்கால வளர்ச்சி" என்று சொல்லலாம். ஆதாரமாக வைக்கக் கூடாது.

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தை வைத்து ஒரு பக்கம் ஒப்பிட்டும் இருந்தேன். ஆசையை அடக்க முடியவில்லை! அந்தப் பக்கம் முழுக்க ஒரு குறுக்குக் கோடு.

விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஒரு சீனியர் அண்ணனிடம் போனேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. "தம்பி, முதலாம் இராஜாக்கள் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரே மூச்சில் வாசி. நோட்ஸ் எடுக்காதே. வாசித்துவிட்டு வா" என்றார். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. நான் சிறுவயதிலிருந்து கேட்டு வந்த சாலொமோன் அங்கே இல்லை.

மூன்றாம் அதிகாரத்தில் கிபியோனில் கனவு வருகிறது, சாலொமோன் ஞானம் கேட்கிறார். இது எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் அதிகாரத்தை யாரும் சொல்வதில்லை. சாகக் கிடக்கிற தாவீது, தன் படைத்தலைவன் யோவாபையும் தன்னைச் சபித்த சீமேயியையும் தீர்த்துக்கட்டச் சொல்லி மகனிடம் "உன் ஞானத்தின்படி செய்", "நீ ஞானமுள்ளவன்" என்கிறார். எபிரெயத்தில் அங்கே இருப்பதும் ஹொக்மா (ஞானம்) என்ற அதே வேர்ச்சொல்தான். அரசியல் சாமர்த்தியம், ஆளைக் கணக்குத் தீர்க்கிற புத்தி. அப்படியானால் கிபியோனுக்கு முன்பே சாலொமோனிடம் ஒரு வகை ஞானம் இருந்திருக்கிறது. பிறகு எதைக் கேட்டார்? இந்த இடத்தில்தான் விடை ஆரம்பிக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

3:9-இல் நம் சபைகளில் வாசிக்கிற பழைய திருப்புதல் (தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு) "ஞானமுள்ள இருதயத்தைத் தந்தருளும்" என்கிறது. எபிரெயம் "லேவ் ஷோமேயா" என்கிறது. நேராகச் சொன்னால் கேட்கிற இருதயம். ஷாமா என்றால் கேட்பது, செவிகொடுப்பது. 3:11-இல் கடவுள் பதில் சொல்லும்போதும் அதே வேர்: நியாயத்தைக் கேட்டு உணர்கிற புத்தியை நீ வேண்டிக்கொண்டாய் என்கிறார். தமிழ் திருப்புதலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கருத்து சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் "கேட்பது" போய்விட்டது. போனதால் நான் ஒன்பது பக்கமும் சாலொமோனின் மூளையைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது காதை. நம் மொழியிலும் கேள்வி என்றால் கேட்டறிகிற அறிவு என்று ஒரு பொருள் இருக்கிறதே, அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அடுத்து வருகிற இரண்டு பெண்களின் வழக்கை இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். இருவரும் வேசிகள், அந்தச் சமூகத்தில் அவர்களுக்காகப் பேச ஆள் கிடையாது. 17 முதல் 22 வரை ஆறு வசனங்கள் அவர்களுடைய வாக்குவாதம்தான். ராஜா வாய் திறப்பது 23-இல். அப்போதும் தீர்ப்பு சொல்லவில்லை. இவள் இப்படிச் சொல்கிறாள், அவள் அப்படிச் சொல்கிறாள் என்று இருவர் வார்த்தையையும் திருப்பிச் சொல்கிறார். வாளைக் கொண்டுவரச் சொல்வது அதற்குப் பிறகு. இன்னொன்று: வீட்டில் வேறு யாரும் இல்லை என்று 18-ஆம் வசனம் அழுத்திச் சொல்கிறது. உபாகமம் 19:15 இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது. இங்கே ஒருவரும் இல்லை. சட்டம் கைவிரிக்கிற இடத்தில் ஞானம் வேலை செய்கிறது. 28-ஆம் வசனத்தில் மக்கள், நியாயம் செய்வதற்கான தேவ ஞானம் ராஜாவுக்குள் இருக்கிறது என்று கண்டுகொள்கிறார்கள். "மிஷ்பாத் (நியாயம்) செய்வதற்கு" என்ற நோக்கத்தை விட்டுவிட்டு "தேவ ஞானம்" மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண் போயிற்று.

இதே கனவு இரண்டாம் நாளாகமம் 1-இலும் இருக்கிறது. அங்கே அந்த இரண்டு பெண்கள் இல்லை. ஞானம் கிடைத்ததும் கதை ரதங்களுக்கும் குதிரைகளுக்கும் போய்விடுகிறது. இந்த வித்தியாசத்துக்கு விடையில் இரண்டு வரி போதும், ஆனால் எழுதுங்கள். மூலத்தை நீங்களே வாசித்திருக்கிறீர்கள் என்று திருத்துகிறவருக்குத் தெரியும்.

பிறகு சரிவு. 5:13-இல் முப்பதாயிரம் பேர் ஊழிய வேலைக்குப் பிடிக்கப்படுகிறார்கள். 10:26-இல் 1,400 ரதங்கள், 12,000 குதிரைவீரர். 11:3-இல் எழுநூறு மனைவியர், முந்நூறு மறுமனையாட்டிகள். உபாகமம் 17 ராஜாவுக்கு எவையெல்லாம் ஆகாது என்று பட்டியல் போடுகிறதோ, குதிரை, மனைவியர், வெள்ளி, பொன், அத்தனையும் வரிசையாக வந்துவிடுகின்றன. அதே உபாகமம் 17:18-19 ராஜா நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்காக எழுதி, வாழ்நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை உண்டாக்குகிறவராக அல்ல, மாணவனாக அவரை உட்காரவைக்கிறது.

பன்னிரண்டாம் அதிகாரத்தில் சாலொமோனின் மகன் ரெகொபெயாமிடம் ஜனங்கள் வந்து, உம்முடைய தகப்பன் நுகத்தைப் பாரமாக்கினார், அதை லேசாக்கும் என்கிறார்கள். அவர் மறுக்கிறார். 15-ஆம் வசனம்: ராஜா ஜனங்களுக்குச் செவிகொடுக்கவில்லை. எபிரெயத்தில் "லோ ஷாமா". அப்பா கேட்ட அதே ஷாமா! கேட்கிற இருதயத்தில் தொடங்கிய கதை, கேட்காத ராஜாவில் வந்து முடிந்து, ராஜ்யம் இரண்டாக உடைகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விளக்கவுரைகளில் இதெல்லாம் இருக்கும், நான்தான் புதிதாகக் கண்டேன் என்றில்லை. ஆனால் கன்கார்டன்ஸில் (வேதச் சொல்லடைவில்) தானே தேடிக் கண்டது தேர்வு ஹாலில் மறக்காது.

சரி, நீதிமொழிகளுக்கு வருவோம். இந்தத் தலைப்பின் மையம் 8:15-16. ஞானம் ஒரு பெண்ணாக நின்று பேசுகிறாள்: "என்னாலே ராஜாக்கள் அரசாளுகிறார்கள்." மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அவள் எங்கே நின்று பேசுகிறாள் என்று பாருங்கள். 8:3: பட்டணத்து வாசல்களின் ஓரம். பழங்கால இஸ்ரவேலில் ஊர் வாசல்தான் நியாயஸ்தலம். போவாஸ் ரூத்தின் விஷயத்தை முடிக்க வாசலில் போய் உட்காருகிறார். ஆமோஸ் 5:15 வாசலில் நியாயத்தை நிலைநாட்டுங்கள் என்கிறது. தெல் தான் என்ற பழைய இஸ்ரவேல் நகரத்தின் அகழாய்வில் வாசலை ஒட்டிக் கல் இருக்கைகளே கிடைத்திருக்கின்றன. நீதிமொழிகள் 22:22 சிறுமையானவனை வாசலில் நொறுக்காதே என்று சொல்வதும் அதனால்தான். ஆக, ஞானம் அரண்மனைக்குள் ராஜாவின் காதில் ரகசியம் சொல்லவில்லை. வழக்கு நடக்கிற இடத்தில், போகிற வருகிற எல்லாரும் கேட்கும்படி சத்தமிடுகிறாள்.

அதே அதிகாரம் 22 முதல் 31 வரை படைப்புக்குத் தாவுகிறது. மாணவர்கள் இதைத் தனிக் கேள்வியாகப் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் கட்டுகிற கயிறு ஒரு சொல். 8:27-இல் கடவுள் வானங்களை நிலைப்படுத்தியபோது ஞானம் அங்கே இருந்தாள். 16:12-இல் நீதியினால் சிங்காசனம் நிலைப்படும். 29:14-இல் ஏழைகளை உண்மையாய் நியாயம் விசாரிக்கிற ராஜாவின் சிங்காசனம் என்றும் நிலைப்படும். மூன்றிலும் கூன் என்ற ஒரே வினைவேர். வானத்தை நிறுத்தின அதே ஒழுங்குதான் சிங்காசனத்தையும் நிறுத்துகிறது. ஏழையின் வழக்கில் அதைக் குலைத்தால் இருக்கை ஆடும். கேள்வியில் இருந்த "ஊற்று" என்ற சொல்லுக்கு நான் கடைசியில் எழுதிய விளக்கம் இதுதான்.

8:16-இல் ஒரு பாட வேறுபாடும் உண்டு. லெனின்கிராட் பிரதி என்ற பழைய எபிரெயக் கையெழுத்துப் பிரதியில் "நீதியின் நியாயாதிபதிகள்", வேறு பல பிரதிகளிலும் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் "பூமியின்". நம் தமிழ் "பூமியிலுள்ள" என்கிறது. நேரம் இருந்தால் ஒரு வரி எழுதலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

8:14-ஐ ஏசாயா 11:2-க்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க மறக்க வேண்டாம். ஆலோசனை, புத்தி, வல்லமை என்று ஞானம் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிற சொற்களையே ஏசாயா, ஈசாயின் அடிமரத்துத் துளிர்மேல், அதாவது தாவீதின் வம்சத்தில் வரப்போகும் ராஜாமேல், தங்கும் ஆவிக்குக் கொடுக்கிறார். உடனே 11:3-இல் அந்த ராஜா தம் காது கேட்டபடி தீர்ப்புச் செய்யமாட்டார் என்றும் சொல்கிறார். அப்போது கிபியோனில் சாலொமோன் வேண்டின கேட்கிற இருதயம் என்ன ஆனது என்று வாய்மொழித் தேர்வில் என்னைக் கேட்டார்கள். இருதயம் கேட்பது வேறு, வாசலில் யாருடைய சத்தம் பெரிது என்று காது கேட்பது வேறு, அதனால்தான் அடுத்த வசனம் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது என்றேன். தலையசைத்தார்கள்.

அண்டை நாடுகளுக்கு ஒரு பத்தி போதும். ஹம்முராபியின் கல்தூணில், 1901-02-இல் சூசாவில் கிடைத்து இப்போது லூவரில் இருக்கிறது, நீதியின் தெய்வமான ஷமாஷ் முன் ராஜா நிற்கிறார். பலவான் எளியவனை ஒடுக்காதபடி தெய்வங்கள் தன்னை அழைத்தன என்று முன்னுரையில் சொல்கிறார். எகிப்தில் மாஅத், அதாவது உண்மை, நீதி, ஒழுங்கு என்ற கருத்து. நீதிமொழிகள் 22:17-க்குப் பிறகு வரும் பகுதிக்கும் எகிப்தின் அமெனெமோப்பே போதனைக்கும் உள்ள நெருக்கத்தை 1924-இல் அடால்ஃப் எர்மான் எடுத்துக்காட்டினார். எனவே "இஸ்ரவேலில் மட்டும்தான் இந்தக் கருத்து" என்று எழுதாதீர்கள். மாதிரித் தேர்வில் நான் எழுதினேன், அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

எதிர்க்குரலும் எபிரெய வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. பிரசங்கி 3:16, நியாயஸ்தலத்திலேயே அநியாயத்தைக் கண்டேன் என்கிறது. 9:15-இல் ஒரு பட்டணத்தைத் தன் ஞானத்தால் காப்பாற்றின ஏழையை ஒருவரும் நினைக்கவில்லை. ஞானம் இருக்கிறது, ஆட்சி மட்டும் அதன் கையில் இல்லை. "ஆராய்க" என்று கேட்டால் இந்தப் பக்கத்தையும் காட்ட வேண்டும். "விளக்குக" என்றால் சுருக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு வினைச்சொல்லைக் கவனிக்காமல் எத்தனையோ பேர் மார்க்கை இழக்கிறார்கள்.

ஹாலில் இருபது மதிப்பெண் கட்டுரைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினேன். முதல் ஐந்து நிமிடம் எழுதவே இல்லை; விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் வசன எண்களை மட்டும் குறித்தேன். எபிரெயச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதினேன். நான்கைந்து போதும்: ஹொக்மா, மிஷ்பாத், செதாக்கா (நீதி), ஷாமா. அறிமுகம் நான்கு வரி. இந்த முறை ஐந்தரைப் பக்கம்தான் வந்தது.

முந்தின இரவு நான் திரும்ப வாசித்தது எரேமியா 22 மட்டும். கி.மு. 609-இல் பட்டத்துக்கு வந்த யோயாக்கீம், கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுருப் பலகை அடித்து, சாதிலிங்க வர்ணம் பூசி அரண்மனை கட்டுகிறார். எரேமியா அவருடைய அப்பா யோசியாவை நினைவூட்டுகிறார்: அவன் சாப்பிட்டான், குடித்தான், சிறுமையும் எளிமையுமானவனுடைய வழக்கையும் விசாரித்தான், என்னை அறிகிற அறிவு அதுதானே என்கிறார் கடவுள். அந்தப் பகுதியில் ஹொக்மா என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. அதனால் பலர் இதை விடையில் சேர்ப்பதில்லை. நான் என் கட்டுரையை அதை வைத்துத்தான் முடித்தேன்.