பையில் பில்டரோடு சிக்மகளூர்

அம்மாவும் நானும் கர்நாடகத்துச் சிக்மகளூரிலிருந்து நேற்று காலைதான் வந்து இறங்கினோம். துணிகூட இன்னும் துவைக்கவில்லை. அதற்குள் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த ஜீப்காரர். சிக்மகளூரிலிருந்து பாபாபுதன்கிரி மலைக்குப் போய்வர 1,500 ரூபாய் என்று பேசி ஏற்றினார். மேலே போனதும் ரோடு சரியில்லை, வெயிட்டிங் என்று சொல்லி 2,600 கேட்டார். 68 வயது அம்மாவை மலைமேல் நிறுத்திவைத்துக்கொண்டு சண்டையா போட முடியும்? 2,200-க்கு முடிந்தது. எங்கள் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. நீங்கள் போனால் வெயிட்டிங்கையும் சேர்த்துப் பேசிவிட்டு ஏறுங்கள்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். சென்னையில் கிளம்பும்போதே அம்மாவின் பை கல்லாகக் கனத்தது. திறந்தால் பித்தளை பில்டர், இரண்டு டபரா செட், அரைக் கிலோ பீபெரிப் பொடி. "காபி விளையற ஊருக்குக் காபிப்பொடியா? திருநெல்வேலிக்கே அல்வாவா?" என்றேன். பதில் இல்லை. பெங்களூரு தாண்டி பஸ் நின்ற ஓட்டலில் பதில் கிடைத்தது. காகிதக் கப்பில் இன்ஸ்டன்ட் பொடி, பாயசம்போலச் சர்க்கரை, 30 ரூபாய். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள்.

மெக்கா போய்த் திரும்பிய சூஃபி பாபா புதன், ஏமனிலிருந்து ஏழு காபிக் கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து அந்தப் பாபாபுதன்கிரி மலையில் ஊன்றினார் என்பது கதை. 17ஆம் நூற்றாண்டு. முளைக்கக்கூடிய கொட்டை வெளியே போகாமல் அரபிகள் காவல் காத்த காலம். அவ்வளவு பெரிய சங்கதி நடந்த மலையில் எங்களுக்குக் கிடைத்தது பனிமூட்டம் மட்டும். பத்தடி தள்ளி நின்ற ஜீப்பே தெரியவில்லை.

தங்கிய வீட்டுக்குப் பின்னால் எஸ்டேட். உண்மையான பயணம் அங்கேதான். டிசம்பர் என்பதால் அரபிகா வகைக் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். உயரமாக சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, நிழலில் காபிச் செடி. பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே, "கடிச்சுப் பாருங்கம்மா" என்று ஒரு சிவப்புப் பழத்தைக் கொடுத்தார். மெல்லிய தோல், உள்ளே வழவழவென்று இனிப்பு. அம்மா கொட்டையை முகர்ந்தாள். "பச்சைப் பட்டாணி வாசனைதான்டா வருது." அறுபது வருஷமாகக் காபி குடிக்கிறவளுக்கு அது பெரிய ஏமாற்றம். வறுத்தால்தானே அந்த வாசனை!

பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் தட்டைப் பக்கம் ஒட்டியபடி இருக்கும். அடுத்த பழத்தில் ஒன்றே ஒன்று, உருண்டையாக. "இது ஒத்தக்கொட்டை. பீபெரின்னு தனியா பிரிச்சிடுவாங்க" என்றார் அந்த அக்கா. அம்மா அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். பீபெரி தவிர வேறு பொடியை அப்பா வீட்டுக்குள் விட்டதில்லை. அவர் போய் இரண்டு வருஷமாகிறது. "நாப்பது வருஷமா வாங்கறேன், என்னன்னே தெரியாம" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அந்த வீட்டு அடுப்பில் பில்டர் ஏறியது. எங்கள் வீட்டில் முதல் டிகாஷன் அப்பாவுக்கு, இரண்டாவது அம்மாவுக்கு. இப்போது முதலாவது எனக்கு வருகிறது; அம்மா இரண்டாவதிலிருந்து நகரவில்லை. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்று அந்த வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு டம்ளர் போனது. பதிலுக்கு வந்த அக்கி ரொட்டியும் (அரிசிமாவு ரொட்டி) தேங்காய்ச் சட்னியும் இருக்கிறதே! ஐந்து சாப்பிட்டேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 1,800 கொடுத்தது அதற்கே சரியாகப் போயிற்று.

ஊருக்கு வந்து பையைப் பிரித்தால் காலி பில்டருக்குள் கைக்குட்டை முடிச்சு. அதில் காபிப் பழங்கள். எண்ணவில்லை, ஏழுக்கு மேல் இருக்கும். "அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா. மாம்பலம் வெயிலில் முளைக்குமா என்று கேட்டதற்கு முறைத்தாள். நேற்று சாயங்காலம் மாடித் தொட்டியில் ஊன்றிவிட்டு, மேலே காபிச் சக்கையைத் தூவிக்கொண்டிருந்தாள்.